அறுபத்தோராம் பக்கம்

கையேட்டை எழுதியது நான்தான்.
அட்டையில் என் பெயர் கிடையாது.
சட்டமன்ற அலுவலகம், பிஸ்மார்க், வடக்கு டகோட்டா,
அவ்வளவே.
புதிதாக வென்று வருகிறவர்களுக்கு டிசம்பரில் கொடுப்போம்:
நீலக் கோப்பு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
கூடவே ஒரு பேனா.
அது குளிரில் எழுதாது.

முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், வண்டி நிறுத்தம்.
செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குள்
வடக்குத் திடலிலிருந்து வண்டியை எடுத்துவிடவும்.
பனி அள்ளும் இயந்திரம் காத்திருக்காது.
இதை எல்லோரும் படிப்பார்கள்.

ஆர்டித் ஸ்வென்ஸ்ருட் மீதியையும் படித்தார்.
சர்க்கரைக் கிழங்கு லாரிகளை எடைபோடுகிறவர்.
எண் பிசகினால் யாரோ ஒருவர் காசு போகும் என்று அறிந்தவர்.
வாரத்தில் மூன்று இரவு
ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுவார், சம்பளமில்லாமல்.

இங்கே உறுப்பினருக்குத் தனி உதவியாளர் இல்லை, அறை இல்லை.
அவையில் ஒரு மேசை, மேசைக்கு ஓர் இழுப்பறை.
முன்பு அங்கே உட்கார்ந்தவர்
சூரியகாந்தி விதை பாதிப் பொட்டலம் விட்டுப்போயிருந்தார்.
அதைக் கொறித்தபடியே என்னை அழைப்பார்:
"செலவுக் குறிப்பு யார் எழுதுவது?"
"குழு வேண்டாமென்ற மசோதாவும் அவைக்கு வருமாமே, நிஜமா?"
நிஜம்தான், நாற்பதாம் பக்கம் என்பேன்.
"படித்தேன். ஒரு மனிதக் குரலில் கேட்க வேண்டியிருந்தது."

அவருடைய மசோதாவின் முதல் வடிவம்
தீவனக் கடை ரசீதின் பின்பக்கத்தில் வந்தது:
கூப்பிட்டால் வண்டி வரணும்.
அதை ஒன்பது பக்கமாக்கினேன்.
"கவுண்டி நிதி வழங்கலாம்" என்று நான் எழுத,
"இந்த ‘லாம்’ எதற்கு?" என்றார்.
லாம் இருந்தால் செலவு சுழியம், எதிர்ப்பு வராது.
"லாம் இருந்தால் வண்டியும் வராது."
அடித்துவிட்டு ‘வேண்டும்’ போட்டேன்.
செலவுக் குறிப்பு மறுவாரமே வந்தது, ஏழு இலக்கத்தில்.

பிப்ரவரி, ஒரு செவ்வாய்.
எனக்கு மாடத்தில் வேலையில்லை, போனேன்.
பலகையில் பச்சையும் சிவப்பும் எரிந்து நின்றன.
ஆம், நாற்பத்தேழு.
இல்லை, நாற்பத்தாறு.
ஆர்டித் எழுந்து பக்கத்து மேசைக்காரரின் கையைப் பற்றினார்.
மசோதா தோற்றது என்றார் சபாநாயகர்.

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது,
இறங்க வழி தெரியாமல்.

அவையில் தொண்ணூற்று நான்கு இருக்கை.
வந்தவர்களில் பாதிக்கு மேல் போதாது,
மொத்தத்தில் பாதிக்கு மேல் வேண்டும்: நாற்பத்தெட்டு.
அறுபத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு மூன்று.
இருப்பதிலேயே சின்ன எழுத்து.
எழுதியவளுக்கு அது பெரிதாகத்தான் தெரிந்தது.

தொண்ணூற்று நான்காவது ஆள், டுவேன் பாக்மியர்,
அந்நேரம் வடக்குத் திடலில்
உறைந்துபோன கார்க் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
மணி ஒன்று ஐம்பத்தைந்து.
கையேட்டை மதிக்கிற மனிதர்.
உள்ளே இருந்தால் பச்சையை அழுத்தியிருப்பாரா?
நான் கேட்கவில்லை,
அதற்குப் பிறகு லிஃப்டில் இரண்டு முறை
அவரோடு தனியாக நின்றும்.

மாலையில் ஆர்டித் கோப்போடு வந்தார்.
அறுபத்தோராம் பக்கம் முனை மடிந்திருந்தது,
அடிக்குறிப்பின் கீழே பென்சில் கோடு.
"படித்திருக்கிறேன், பாருங்கள்.
எண்ணும்போது மறந்துவிட்டது.
எடைபோடுகிறவள், நான்."
என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பிறகு கேட்டார்: மறுபடி எடுக்கச் சொல்ல முடியுமா?
முடியும். நாளைக்குள்.
ஆனால் சிவப்பை அழுத்தியவர்களில் ஒருவர்தான் கேட்கலாம்.
"எந்தப் பக்கம்?"
புரட்டினேன். முன்னும் பின்னுமாகப் புரட்டினேன்.
எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நாற்பத்தாறு பெயர்களை அச்சிட்டுக் கொடுத்தேன்.
நின்றபடியே, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
பையிலிருந்த எங்கள் பேனாவை எடுத்தார்.
கீறிப் பார்த்தார்.
இத்தனைக்கும் என் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பென்சில் கொடுத்தேன்.
விதைத் தொலியை என் குப்பைக் கூடையில் துப்பிவிட்டு
முதல் பெயருக்கு எதிரே
மேசை எண்ணைக் குறிக்கத் தொடங்கினார்.